எடை பார்க்கிறார்கள், எடையைப் பற்றிப் பேசுவதில்லை

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இது இரண்டாவது ஆண்டு. மூன்று மாதத்திற்கு ஒரு முறை அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. புறநோயாளிகள் பிரிவில் நுழைந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொல்வார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார், அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒருநாள் காத்திருக்கும் நேரத்தில் சித்தியின் ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 58 கிலோ. கீமோ தொடங்கிய நாளில் 59. கீமோ முடிந்தபோது 63. அன்றைக்கு 67. வெவ்வேறு கையெழுத்துகளில், வெவ்வேறு மையில், ஒன்றுகூட விடுபடாமல் எழுதப்பட்டிருந்தது.

உள்ளே மருத்துவர் பொறுமையாகத்தான் பார்த்தார். தழும்பைப் பார்த்தார், அக்குளில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்தார், மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். "எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது சித்தி கேட்டார்: "எடை ஏறிக்கொண்டே வருகிறதே கண்ணா, உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் எழுதியும் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இது எங்கள் மருத்துவமனையின் குறை என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதே மௌனத்தை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள் என்று தெரிந்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவரிடம் எடையைப் பற்றிப் பேச மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? அந்தத் தயக்கத்தில் எது நியாயம், எது நியாயமில்லை? இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக, நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எடை எதற்காகப் பார்க்கப்படுகிறது?

கீமோ மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். உயரத்தையும் எடையையும் வைத்து உடலின் மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மருந்தை முடிவு செய்கிறார்கள். இதற்கான புகழ்பெற்ற சூத்திரம் 1916-லேயே வந்துவிட்டது. அதனால் புற்றுநோய்ப் பிரிவில் எடைக் கருவிக்குத் தனி மரியாதை உண்டு. இரண்டு கிலோ குறைந்தால்கூட உடனே கவனிப்பார்கள்.

இதிலேயே பருமனானவர்களுக்கு ஒரு பாதிப்பு நடந்துவந்தது. கணக்குப்படி வரும் அளவைப் பார்த்து, "இவ்வளவு மருந்தா" என்று அஞ்சி, மருத்துவர்கள் தாங்களாகவே குறைத்துக் கொடுப்பார்கள். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பருமனான நோயாளிகளில் 40 சதவீதம் பேர் வரை குறைந்த அளவு மருந்தே பெறுகிறார்கள், அப்படிக் குறைக்க வேண்டாம், உண்மையான எடைக்கு உரிய முழு அளவைக் கொடுங்கள் என்றது அது. எடை என்ற ஓர் எண் மருத்துவரின் மனத்தில் எவ்வளவு சங்கடத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சிகிச்சை முடிந்ததும் மருந்துக் கணக்கு முடிந்துவிடுகிறது. எடை பார்க்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

ஏன் ஏறுகிறது, ஏறினால் என்ன?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் எடை ஏறுவது மிகச் சாதாரணம். இதற்குப் பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். கீமோ சூலகத்தைப் பாதிப்பதால் இளம்பெண்களுக்கும் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகலாம், அதோடு உடலின் வாகு மாறும். இவற்றைவிடப் பெரியது அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுப்பதே மலையேறுவது போல இருந்தது என்று சித்தி சொல்வார். ஆறு மாதம் இப்படி உட்கார்ந்தும் படுத்தும் கழிந்தால் தசை கரையும், அந்த இடத்தில் கொழுப்பு சேரும். எடை மாறாமல் இருப்பவர்களுக்குக்கூட இந்த மாற்றம் உள்ளுக்குள் நடக்கும்.

நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. நம் பேச்சில் உடம்பு "தேறுவது" என்றால் சதை போடுவது, "இளைத்துவிட்டாயே" என்றால் கவலை. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே எலும்பும் தோலுமான ஓர் உருவம்தான் நம் கண்முன் வருகிறது. எனவே பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சத்துமாவு, பால் பவுடர், நெய், பேரீச்சம்பழம் என்று கொண்டுவந்து குவிக்கிறார்கள். எல்லாம் அன்புதான். சித்தியின் அலமாரியில் ஒரு கட்டத்தில் ஏழு பாட்டில் சத்துமாவு இருந்தது. மருத்துவர் வாய் திறக்காதபோது, இந்த அலமாரிதான் அவருக்கு உணவு ஆலோசனை சொன்னது.

ஏறினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் கிடைத்த ஆதாரங்களையெல்லாம் பரிசீலித்து, உடலில் மிகையாகச் சேரும் கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களின் அபாயத்தோடு தொடர்புடையது என்று அறிவித்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர், பெருங்குடல், சிறுநீரகம், கல்லீரல், கணையம், பித்தப்பை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. கொழுப்புத் திசு வெறுமனே சேமிப்புக் கிடங்கு அல்ல. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய ஊற்றே கொழுப்புத் திசுதான். அங்கே இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சித்தி தினமும் சாப்பிடும் மாத்திரை அந்த நொதியைத் தடுப்பதற்காகத்தான். ஒரு பக்கம் நொதியைத் தடுக்க மாத்திரை, மறுபக்கம் அந்த நொதி குடியிருக்கும் திசு வளர்ந்துகொண்டே இருக்கிறது. இது புரிந்த நாளில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதோடு, மிகைக் கொழுப்பு இன்சுலின் அளவை ஏற்றுகிறது, ஓயாத மெல்லிய அழற்சியை உடலில் உண்டாக்குகிறது. இரண்டும் செல்களின் வளர்ச்சிக்குத் தூண்டுகோல்கள்.

மீண்டவர்களைப் பொறுத்தவரை, 2014-ல் 82 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களின் தகவலை அலசினார்கள். நோய் கண்டறியப்படும் காலகட்டத்தில் பருமனாக இருந்தவர்களுக்கு, இயல்பான எடை கொண்டவர்களைவிட இறப்பு அபாயம் ஏறக்குறைய 41 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் தெளிவு. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டுக் குணமான பெண்கள் பின்னாளில் அந்தப் புற்றுநோயால் இறப்பதைவிட, இதய நோயால் இறப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். புற்றுநோயை வென்றவரை இதயம் கைவிடுகிறது என்றால், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

மருத்துவர்களுக்கு இது தெரியாதா?

தெரியும். இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் தன் துறையினரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. பதில் சொன்ன ஏறத்தாழ ஆயிரம் பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், பருமன் சிகிச்சையின் பலனைப் பாதிக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். எடையைக் கவனிப்பது சிகிச்சையின் வழக்கமான பகுதியாக இருக்க வேண்டும் என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் எடையைக் கணக்கிடுவதிலிருந்து அதைப் பற்றிப் பேசுவதற்கும், பேசுவதிலிருந்து உரிய இடத்திற்கு அனுப்பிவைப்பதற்கும் போகப் போக எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

பிரிட்டனில் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் 460 மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு விஷயத்தைக் காட்டியது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென உணவு, உடற்பயிற்சி, எடை பற்றிய வழிகாட்டுதல்கள் இருக்கின்றன என்பதே மூன்றில் ஒருவருக்கு மேல் தெரிந்திருக்கவில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2007-லேயே அப்படியொன்றை வெளியிட்டுவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் யாரோ சில நோயாளிகளுக்காவது ஆலோசனை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பதில் ஒரே சீரான வழக்கம் இருக்கவில்லை.

தெரிந்தும் பேசாமல் இருப்பதை அலட்சியம் என்று முத்திரை குத்திவிடலாம். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் மருத்துவர்களையும் நர்சுகளையும் உட்காரவைத்துப் பேட்டி கண்ட ஆய்வுகளைப் படிக்கும்போது வேறு மாதிரி தெரிகிறது.

மௌனத்தின் உள்ளே

முதலாவது பயம், "உன்னால்தான் உனக்கு இந்த நோய் வந்தது" என்று சொல்வது போல ஆகிவிடுமோ என்பது. நோயாளி ஏற்கெனவே "நான் என்ன பாவம் செய்தேன்" என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார். முடி கொட்டி, மார்பை இழந்து, தன் உடலையே பார்க்கப் பிடிக்காமல் இருப்பவரிடம் "நீங்கள் எடை போட்டுவிட்டீர்கள்" என்று எப்படிச் சொல்வது? பல மருத்துவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். இதில் மனிதத்தன்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். தாங்களே பருமனாக இருக்கும் நர்சுகள் சிலர், "இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி" என்று கூசுவதும் உண்டு.

இரண்டாவது, அவர்களுடைய பயிற்சி. புற்றுநோய்ப் பிரிவில் வளர்ந்த மருத்துவருக்கு எதிரி எடை இழப்புதான். வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, கணையம் ஆகியவற்றில் நோய் வந்தவர்கள் சாப்பிட முடியாமல் கண்ணெதிரே கரைவதைப் பார்த்தே அவர்கள் பழகியிருக்கிறார்கள். "ஏதாவது சாப்பிடுங்கள், எதுவானாலும் பரவாயில்லை" என்று கெஞ்சிய வாயால், ஒரு வருடம் கழித்து "சற்றுக் குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. எந்தத் தேதியில் முதல் ஆலோசனை காலாவதியாகிறது என்று யாரும் நோயாளியிடம் சொல்வதும் இல்லை.

மூன்றாவதுதான் அறிவியல் ரீதியில் கனமானது. பருமனாக இருந்தால் கெடுதல் என்பது ஒன்று. எடையைக் குறைத்தால் நன்மை என்பது வேறொன்று. முதலாவது உண்மையானால் இரண்டாவதும் தானாக உண்மையாகிவிடாது. புது மருந்து ஒன்றை எழுதுவதற்கு முன் "இது உயிரைக் காக்கிறது என்று சோதனையில் காட்டினார்களா" என்று கேட்பதுதான் நல்ல மருத்துவரின் பழக்கம். எடையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டால் பதில் குழப்பமாக இருந்தது. 2006-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில் 2,437 பெண்கள் பங்கேற்றார்கள். உணவில் கொழுப்பைக் குறைத்த பிரிவில் நோய் திரும்பியவர்கள் 9.8 சதவீதம், மற்றவர்களில் 12.4 சதவீதம். மறு ஆண்டே 3,088 பெண்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. காய்கறியும் பழமும் ஏராளமாகச் சாப்பிட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. முதல் சோதனையில் பெண்களின் எடை சற்றுக் குறைந்தது, இரண்டாவதில் குறையவில்லை. அப்படியானால் பலன் தந்தது எடைக் குறைவா? இரண்டு சோதனைகளுமே அந்தக் கேள்விக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதற்காகவே அமெரிக்காவிலும் கனடாவிலும் 2016-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பருமனான, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்குத் தொலைபேசி வழியாகவே உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களுடைய எடை சராசரியாக 5 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. மற்ற பிரிவினருக்குச் சற்று ஏறியது. மீண்டவர்களால் எடையைக் குறைக்க முடியும், அதற்கு நேரில் வந்துகொண்டிருக்கக்கூட வேண்டியதில்லை என்பது இதில் உறுதியாகிவிட்டது. நோய் திரும்புவது குறைகிறதா என்பதுதான் அந்தச் சோதனையின் மூலக் கேள்வி.

நான்காவது, நேரமும் பொறுப்பும். வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அறுவை சிகிச்சை மருத்துவர் இது கீமோ மருத்துவரின் வேலை என்று நினைக்கிறார். கீமோ மருத்துவர் குடும்ப மருத்துவரின் வேலை என்கிறார். குடும்ப மருத்துவரோ "புற்றுநோய் விஷயம், நான் கை வைக்கக்கூடாது" என்று ஒதுங்குகிறார். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) மீண்டவர்களைப் பற்றிய தன் பெரிய அறிக்கையில், சிகிச்சை முடிந்து வெளியே வரும் இடத்தில் நோயாளிகள் வழி தொலைந்துபோகிறார்கள் என்று எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எடை என்ற விஷயத்தில் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது.

கடைசியாக ஒன்று. "பேசினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எங்கே அனுப்புவது?" என்பது. புற்றுநோயாளிகளின் உடல்நிலை தெரிந்த உணவியல் நிபுணரோ, பிசியோதெரபிஸ்டோ அருகில் இல்லையென்றால், பேச்சைத் தொடங்குவதே கொடுமை என்று சில மருத்துவர்கள் நினைக்கிறார்கள். என் கணிப்பில், மற்ற எல்லாத் தயக்கங்களையும்விட இதுதான் ஆழமானது. கையில் மருந்து இல்லாத நோயைக் கண்டுபிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

முப்பது விநாடி

நோயாளி புண்பட்டுவிடுவார் என்ற பயத்தை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. புற்றுநோயாளிகளிடம் நடந்தது அல்ல, ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வேறு ஏதோ காரணத்திற்காக வந்த, பருமனான 1,882 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். பார்க்க வந்த விஷயம் முடிந்ததும், மருத்துவர் கடைசி அரை நிமிடத்தில் எடையைப் பற்றிப் பேசுவார். ஒரு பிரிவினரிடம் "எடை குறைந்தால் உங்கள் உடல்நலத்திற்கு நல்லது" என்று மட்டும் சொன்னார்கள். மற்ற பிரிவினரிடம், "12 வார எடைக் குறைப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, இலவசமாக அனுப்பிவைக்கிறேன்" என்று சொல்லி, அங்கேயே அதற்கு ஏற்பாடும் செய்தார்கள். ஓராண்டு கழித்து முதல் பிரிவில் சராசரியாக ஒரு கிலோ குறைந்திருந்தது, இரண்டாவதில் 2.4 கிலோ. புண்பட்டார்களா? பத்தில் எட்டுப் பேர் இந்தப் பேச்சு பொருத்தமானது, உதவியானது என்றார்கள். பொருத்தமற்றது, உதவாதது என்று சொன்னவர்கள் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேரில் நான்கே நான்கு பேர்.

நோயாளியைப் புண்படுத்துவது எடை என்ற பேச்சு அல்ல, வழி காட்டாத பேச்சும் பழி சொல்லும் பேச்சும்தான் என்று இதிலிருந்து எனக்குப் புரிகிறது. "குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதும், "வியாழக்கிழமை இந்த அறைக்குப் போங்கள், நான் சொல்லிவைக்கிறேன்" என்பதும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை 2025-ல் வெளியான பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை ஒன்று இன்னும் அழுத்தமாகக் காட்டியது. அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர், முக்கியமாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி, ஆரோக்கிய உணவு பற்றிய கையேடு கொடுத்தார்கள். மற்ற பிரிவினருக்குக் கையேட்டோடு, மூன்று ஆண்டுகளுக்குக் கூடவே இருந்து வழிநடத்தும் பயிற்சியாளரையும் கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கையேட்டுப் பிரிவில் 73.9 சதவீதம், பயிற்சியாளர் பிரிவில் 80.3 சதவீதம். எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 83.2, 90.3 சதவீதம். பல புதிய மருந்துகளே காட்டாத வித்தியாசம் இது. இன்று நம்மில் பலருக்குக் கிடைப்பது அந்தக் கையேடு மட்டும்தான், அதுவும் கிடைத்தால்.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் எடையிலோ இடுப்புச் சுற்றளவிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பலன் வந்தது, எடை குறையவில்லை. ஆகவே "எடை ஆலோசனை" என்ற பெயரே சற்றுத் தவறான இடத்தைச் சுட்டுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

யாருக்குப் பொருந்தாது?

எடை பற்றிய எச்சரிக்கை எல்லோருக்கும் பொது அல்ல. திட்டமிடாமல், காரணமில்லாமல் எடை குறைந்தால் அது மகிழ்ச்சிக்கு உரியதல்ல, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் வந்தவர்கள் பலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் எடையைக் கூட்டுவதுதான் போராட்டம். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது எடையைக் குறைக்க முயலலாமா என்பதற்கு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் குணப்படுத்தும் நோக்கத்துடன் நடக்கும் சிகிச்சையின்போது உடற்பயிற்சியை அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

சில புற்றுநோய்களில் சற்றுப் பருமனாக இருப்பவர்கள் கூடுதல் நாள் வாழ்வதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் "பருமனின் முரண்" என்கிறார்கள். நோயே எடையைக் குறைத்திருப்பதால், ஒல்லியாக இருப்பவர்களில் நோய் முற்றியவர்கள் அதிகம் என்பது ஒரு விளக்கம். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற கணக்குக்குத் தசைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்பது இன்னொரு விளக்கம். உயரத்துக்கு எடை சரியாக இருந்தும், தசை கரைந்து கொழுப்பு மிகுந்தவர் பலவீனமானவர்தான். இந்தக் குழப்பமும் மருத்துவர்களின் வாயைக் கட்டிப்போடுகிறது.

பி.எம்.ஐ. பற்றிப் பேசும்போது நமக்கு மட்டும் பொருந்தும் ஒரு செய்தி. ஆசியர்களின் உடலில் குறைந்த எடையிலேயே கொழுப்பு வயிற்றில் சேர்ந்துவிடுகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல், ஆசிய மக்களுக்கு 23-ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்றது. மேலைநாட்டு அட்டவணையில் அது 25. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அந்த 25-ஐயே எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மேலைநாட்டு அட்டவணையைப் பார்த்து "நீங்கள் சரியான எடைதான்" என்று நம் ஊரில் ஒருவரை அனுப்பிவைப்பது எத்தனை எளிது பாருங்கள்.

பழைய அறிவுரை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களிடம் "அந்தக் கையால் கனமாக எதையும் தூக்காதீர்கள், வீங்கிவிடும்" என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2009-ல் வெளியான ஒரு சோதனையில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினரை மேற்பார்வையோடு மெல்ல மெல்லப் பளு தூக்கவைத்தார்கள். வீக்கம் கூடவில்லை, வீக்கம் முற்றித் தொல்லை தரும் நிலை அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. பயத்தால் சொல்லப்பட்ட அந்த அறிவுரையைக் கேட்டு எத்தனை பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எத்தனை தசை வீணாய்ப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. சித்தியும் ஒன்றரை வருடம் குடம் தூக்காமல் இருந்தவர்தான்.

நோயாளி வாய் திறந்தால்

நல்ல பேச்சு எப்படி இருக்கும் என்பதற்குத் துறையினர் சொல்லும் வரிசை எளிமையானது. முதலில் அனுமதி கேட்பது: "உங்கள் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" பிறகு என்ன நடந்தது என்று விளக்குவது: "இந்தச் சிகிச்சையில் எடை ஏறுவது வழக்கம், மருந்தும் அசதியும் சேர்ந்து செய்வது, உங்கள் குற்றம் இல்லை." இந்த ஒரு வாக்கியம் பழியைத் துடைத்துவிடுகிறது. அதன் பிறகு, ஏன் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில் எங்கே போவது, எந்த நாளில், யாரைப் பார்ப்பது என்ற ஏற்பாடு. அடுத்த முறை வரும்போது "என்ன ஆயிற்று" என்று கேட்பதும் இதில் அடக்கம்.

மருத்துவர் தொடங்காவிட்டால் நோயாளி தொடங்கலாம். பல மருத்துவர்கள், நோயாளியே கேட்டால் பேசுவது எளிதாகிவிடுகிறது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு முந்தின இரவு, சித்தியும் நானும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். என் எடை ஏறியிருப்பது சிகிச்சையாலா? என் நிலைமைக்குக் குறைக்க வேண்டுமா, இருப்பதை ஏறாமல் காத்தால் போதுமா? இதற்கு நான் யாரைப் பார்க்க வேண்டும்?

மறுநாள் சித்தி எழுந்து கிளம்பப் போகும் நேரத்தில்தான் தாளை நீட்டினார். மருத்துவர் படித்துவிட்டு ஃபைலைப் பின்னோக்கிப் புரட்டினார். 67, 63, 59, 58. சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டது நல்லதாய்ப் போயிற்று அம்மா. நானாகச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். பேட்டிகளில் நான் படித்த அதே வாக்கியம். உணவியல் நிபுணருக்கு ஒரு சீட்டு, பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதினார். எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம் இருக்கலாம்.

பிசியோதெரபிஸ்ட் இளம்பெண். எடைக் கருவியைப் பார்க்கவே இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைப் போட்டு, "கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள் அம்மா, முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்போம்" என்றார். அன்று ஏழு முறை. ஏழாவதில் மூச்சு வாங்கியது. வீட்டில் தினமும் நடை, வாரத்தில் இரண்டு நாள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் பயிற்சி, பிறகு ஒரு லிட்டர். சத்துமாவு பாட்டில்களில் ஐந்து பக்கத்து வீடுகளுக்குப் போயின. சாதம் குறைந்து, பருப்பும் முட்டையும் சுண்டலும் கூடின.

ஆறு மாதம் ஆகிறது. எடை 66. பார்க்க வருகிறவர்கள் "எத்தனை கிலோ குறைந்தாய்" என்று கேட்கும்போது சித்தி அதைச் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்து உட்கார்ந்து காட்டுகிறார். போன வாரம் பதின்மூன்று.